மயில்துத்தமும் அந்துருண்டையும்: கே. எஸ். கிருஷ்ணனின் ஆய்வு வாழ்க்கை

(பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் கல்லூரிகளின் வேதியியல் மாணவர்கள் முன் அரியலூரில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



"ஒளியியல், காந்தவியல் பொருள்கள்" என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் ஐம்பது சேர்மங்களின் பெயரை அடுக்கி உங்களைத் தூங்க வைத்துவிடலாம். சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் நேரம் வேறு. ஆகவே ஒரே ஒரு மனிதரைப் பற்றிப் பேசுகிறேன். சென்னையில் வேதியியல் லேபில் டெமான்ஸ்டிரேட்டராக வேலையைத் தொடங்கி, முதலில் ஒளியையும் பிறகு காந்தத்தையும் வைத்துப் பொருள்களின் உள்ளமைப்பைத் துருவிப் பார்த்தவர்: கே. எஸ். கிருஷ்ணன். இயற்பியல்காரர்கள் அவரைத் தங்கள் ஆள் என்பார்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அவர் கைவேலையைப் பார்த்தால் பாதிக்குமேல் வேதியியல்காரரின் கைவேலை.

அவர் இந்த மண்ணுக்காரர் அல்லர். ஆனால் அவர் ஆய்வுக்கும் உங்கள் காலடி மண்ணுக்கும் தொடர்பு உண்டு. அரியலூர் என்றால் சிமெண்ட், சிமெண்ட் என்றால் சுண்ணாம்புக்கல், சுண்ணாம்புக்கல் என்றால் பெரும்பகுதி கால்சைட். கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுரங்கங்களில் வெட்டி எடுக்கும் கல்லில் சிப்பி சிப்பியாகத் தெரிகிறதே, அது சுமார் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தபோது வாழ்ந்த கிரைஃபியா என்ற சிப்பியினத்தின் ஓடு. அந்த ஓடும் கால்சைட்தான். பெரம்பலூர் பக்கம் காரைக்குப் போனால் களிமண் ஓடைகளில் ஜிப்சம் தகடு தகடாகப் பளபளக்கும்.

நம் ஊரில் கால்சைட் உலைக்குப் போகிறது. அங்கே வெந்து கட்டியாக வரும் கிளிங்கரை அரைக்கும்போது, சிமெண்ட் சட்டென்று இறுகிவிடாமல் இருக்க ஜிப்சம் சேர்க்கிறார்கள். ஒளியியல்காரருக்கோ இவை இரண்டும் கருவி. தெளிந்த கால்சைட் துண்டை எழுத்தின்மேல் வைத்தால் எழுத்து இரண்டாகத் தெரியும். டென்மார்க்கின் பார்த்தோலின் 1669இல் இதை எழுதிவைத்தார். வில்லியம் நிக்கோல் 1828இல் அந்தக் கல்லையே குறுக்கே வெட்டி, கனடா பால்சம் பிசினால் ஒட்டி, ஒளியை ஒரே தளத்தில் அதிர வைக்கும் பட்டகம் செய்தார். நிக்கோல் பட்டகம் என்று இன்றும் பாடத்தில் வருகிறது. கனிமவியல் மைக்ரோஸ்கோப்பில் செருகும் தகட்டை ஜிப்சத்திலிருந்துதான் பிளந்து எடுத்தார்கள்.

அப்படியானால் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் வழியே பார்த்தால் ஏன் எதுவும் இரண்டாகத் தெரிவதில்லை? அதில் கோடிக்கணக்கான சின்னஞ்சிறு படிகங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக் கிடக்கின்றன. ஒன்றின் குணத்தை மற்றொன்று ஈடுகட்டிவிடுகிறது. ஒற்றைப் படிகத்தில் அணுக்கள் எல்லாம் ஒரே ஒழுங்கில் நிற்பதால் ஒரு பக்கம் ஒரு மாதிரியும் இன்னொரு பக்கம் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். இப்படித் திசைக்குத் திசை குணம் ஏன் மாறுகிறது என்பதைத்தான் கிருஷ்ணன் இருபது ஆண்டுகள் விடாமல் கேட்டார். 1925இல் ஒளியிடம் கேட்டார், 1930இல் காந்தத்திடம், 1939இல் மின்சாரத்திடம். கருவி மாறியது, ஊர் மாறியது, கேள்வி மாறவில்லை.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். சாத்தனூர் கல்மரத்தை 1940இல் கண்டு சொன்னவரும் ஒரு கிருஷ்ணன்தான். அவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம். எஸ். கிருஷ்ணன். நம்மவர் கே. எஸ். அதே 1940இல் இவர் லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனார்.

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4ஆம் தேதி வத்திராயிருப்பில் பிறந்தார். அப்பா விவசாயம் பார்த்தவர், தமிழும் வடமொழியும் கற்றவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப் படிப்பு, மதுரை அமெரிக்கன் கல்லூரி, பிறகு சென்னைக் கிறித்தவக் கல்லூரி. கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை, பாரிமுனைப் பக்கம் இருந்தது. படித்த இடத்திலேயே வேதியியல் டெமான்ஸ்டிரேட்டர் வேலை கிடைத்தது. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அவரிடம் யார் வேண்டுமானாலும் இயற்பியலிலும் வேதியியலிலும் கணிதத்திலும் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். வேறு கல்லூரிப் பிள்ளைகள்கூட வந்து கூடுவார்கள். பிறகு சி. வி. ராமனிடம் பயில வேண்டுமென்று வேலையை விட்டுவிட்டுக் கல்கத்தா போய்விட்டார். 1923 முடிவில் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கத்தில் ராமனோடு ஆய்வில் சேர்ந்தார்.

அங்கே அவருக்குக் கிடைத்த வேலை, திரவங்களில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்று பார்ப்பது. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் திரவத்தில் ஒரு தூசி மிதந்தால் போதும், மூலக்கூறு சிதறும் ஒளியைவிடத் தூசி சிதறும் ஒளி பல மடங்கு. வடிதாளில் வடிகட்டினால் போகிற தூசியும் அல்ல. அதற்கு அவர்கள் செய்த வழி இது. இரண்டு கண்ணாடிக் குடுவைகளைக் குழாயால் இணைத்து, காற்றை வெளியேற்றி, உருக்கி மூடிவிடுவார்கள். ஒரு குடுவையில் உள்ள திரவம் மெல்ல ஆவியாகி மற்றதில் போய்ச் சேரும். கொதிக்கக் கூடாது, கொதித்தால் துளிகள் தெறித்துத் தூசியையும் கூட்டிக்கொண்டு போய்விடும். சேர்ந்த திரவத்தில் கொஞ்சம் பழைய குடுவைக்கே ஊற்றி, அலம்பி, மறுபடியும் ஆவியாக்குவார்கள். சூரிய ஒளிக்கற்றையை உள்ளே விட்டுப் பார்க்கும்போது ஒரு புள்ளிகூட மின்னாதவரை இதே வேலை. கிருஷ்ணன் 1925இல் வெளியிட்ட கட்டுரையில் இப்படிச் சுத்தம் செய்து அளந்த திரவங்கள் 65. ராமன் விளைவு என்றவுடன் ஒரு மின்னல் கண்டுபிடிப்பைத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். அதன் அடியில் கிடப்பது இந்தக் குடுவை வேலை.

இதில் ஒரு தொல்லை இருந்தது. எத்தனை முறை சுத்தம் செய்தாலும் மங்கலாக ஒரு நிறம் மாறிய ஒளி மிச்சம் இருந்தது. 1923லேயே கே. ஆர். ராமநாதன் அதைத் தண்ணீரில் பார்த்துவிட்டார். ஏதோ அழுக்கின் ஒளிர்வு என்றே முதலில் எண்ணினார்கள். 1928 பிப்ரவரியில் ராமனும் கிருஷ்ணனும் மறுபடியும் அதைக் கையிலெடுத்தார்கள். உள்ளே போகும் வெயிலை ஊதா வடிப்பான் வழியாக விட்டார்கள். பார்க்கும் பக்கம், அந்த ஊதாவை முழுக்கத் தடுக்கும் பச்சை வடிப்பானை வைத்தார்கள். ஒன்றும் தெரியக் கூடாது. தெரிந்தது. அடுத்த சோதனைதான் முக்கியம்: அந்த ஒளியை நிக்கோல் பட்டகத்தால் பார்த்தார் கிருஷ்ணன். அழுக்கின் ஒளிர்வென்றால் பட்டகத்தைச் சுற்றும்போது பெரிய மாற்றம் இருக்காது. இதுவோ நன்றாக முனைவுற்றிருந்தது, பட்டகத்தைத் திருப்பத் திருப்ப ஒளி மங்கியது. இதையெல்லாம் நாள்வாரியாக அவர் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். பிப்ரவரி 28இல் நிறமாலைமானியில் கோடுகள் தெரிந்தன. அதற்கு முன்பே, பிப்ரவரி 16இல், இருவர் பெயரிலும் அனுப்பிய குறிப்பு மார்ச் 31 'நேச்சர்' இதழில் வந்தது.

அழுக்கா, புது விளைவா என்று தீர்த்துச் சொன்னது ஒரு கால்சைட் துண்டு. அதே மாதம் மாஸ்கோவில் மண்டேல்ஷ்டாமும் லாண்ட்ஸ்பெர்கும் இதே விளைவைப் பார்த்தார்கள். எதில் பார்த்தார்கள்? குவார்ட்ஸிலும் கால்சைட்டிலும். இன்றைக்கு உங்கள் ஊர்ச் சுண்ணாம்புக்கல்லை ஒரு ராமன் நிறமாலைமானியில் வைத்தால் 1086 என்ற எண்ணருகே ஓங்கி நிற்கும் கோடு கார்பனேட் தொகுதி விரிந்து சுருங்கும் அதிர்வு.

1930இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் போனது. கிருஷ்ணனுக்கும் பங்கு உண்டா என்று நம்மவர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். எனக்கு அந்த வாதத்தில் ருசி இல்லை. பரிசு அறிவிப்பதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1928 டிசம்பரில், அவர் டாக்கா பல்கலைக்கழகத்துக்கு ரீடராகப் போய் வேறு வேலையில் மூழ்கிவிட்டார். என் கணக்கில் அவருடைய பெரிய வேலை அங்கேதான் தொடங்குகிறது, அதைத்தான் யாரும் பேசுவதில்லை.

டாக்காவில் இயற்பியல் துறையில் எஸ். என். போஸ் இருந்தார். கிருஷ்ணன் படிகங்களைக் காந்தப் புலத்தில் தொங்கவிட ஆரம்பித்தார். இதற்கு ஒரு முன்கதை உண்டு. இரும்பைப் போல ஈர்க்கப்படாத பொருள்களும் காந்தத்தால் மிக மெல்லியதாக விலக்கப்படுகின்றன என்று 1845இல் ஃபாரடே கண்டார். படிகம் என்றால் விலகுவதோடு நில்லாமல் திரும்பவும் செய்யும். தூய கால்சைட் தன் ஒளியியல் அச்சைப் புலத்துக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு நிற்கும். அதே வடிவப் படிகத்தில் கால்சியத்துக்குப் பதில் இரும்பு ஏறியிருந்தால் அச்சு புலத்தின் திசைக்கே திரும்பிவிடும். டிண்டாலும் நோப்லாக்கும் 1850 வாக்கில் இதைக் காட்டினார்கள். எண்பது ஆண்டுகளாகத் தெரிந்த வேடிக்கை. யாரும் அதை வைத்து மூலக்கூறைப் பார்க்கத் துணியவில்லை. விசை அவ்வளவு சிறியது.

கிருஷ்ணனின் முறை இது. சில மில்லிகிராம் எடையுள்ள படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டி, எங்கும் ஒரே அளவாக உள்ள காந்தப் புலத்தில் தொங்கவிடுவார். படிகம் தனக்குப் பிடித்த திசையில் நிற்கும். இழையின் மேல்முனையைச் சிறிது சிறிதாக முறுக்குவார். படிகம் விட்டுக்கொடுக்காமல் கொஞ்சமாகத் திரும்பும். முறுக்கு ஏற ஏற அதுவும் திரும்பித் திரும்பி, 45 பாகையை எட்டியவுடன் காந்தத்தின் பிடி உச்சத்தைத் தாண்டிவிடும். அடுத்த நொடி படிகம் குபுக்கென்று புரண்டு சுழலும். அந்தப் புரளும் கணத்தில் இழையை எத்தனை பாகை முறுக்கியிருந்தோம் என்று குறித்துக்கொண்டால் போதும், இரு திசைகளுக்கும் இடையே காந்த குணம் எவ்வளவு வேறுபடுகிறது என்ற கணக்கு வந்துவிடும். விலையுயர்ந்த மீட்டர் எதுவும் வேண்டாம். இழையும் கோணமும் பொறுமையும் போதும். நல்ல படிகம் மட்டும் வேண்டும்.

நல்ல படிகத்தை அவரும் குஹா, பானர்ஜி முதலிய மாணவர்களும் தாங்களே வளர்த்தார்கள். நாப்தலீன், ஆந்த்ரசீன் என்று வரிசையாக எடுத்தார்கள். நாப்தலீன் வேறொன்றுமில்லை, பீரோவில் போடும் அந்துருண்டைதான். அதைத் தூய்மை செய்து படிகமாக்கித் தொங்கவிட்டால், பென்சீன் வளையத்தின் தளத்துக்குச் செங்குத்தான திசையில் காந்தம் விலக்கும் அளவு, தளத்துக்குள் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்று தெரிந்தது. இதைத் திருப்பிப் போட்டால் இன்னொரு லாபம். படிகத்துக்குள் மூலக்கூறு எந்தச் சாய்வில் படுத்திருக்கிறது என்று காந்தமே சொல்லிவிடும். எக்ஸ் கதிர்க்காரர்கள் கணக்குப் போட்டுத் தடுமாறிக்கொண்டிருந்த காலம் அது. 1933இல் ராயல் சொசைட்டியின் 'ஃபிலசாஃபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்' ஏட்டில் இந்த ஆய்வுகளின் முதல் பகுதி வந்தது. லண்டனில் இதே வேலையில் இருந்த கேத்லீன் லான்ஸ்டேலோடு சேர்ந்து 1936இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார்.

இதனால் வேதியியலுக்கு என்ன ஆயிற்று? அதே 1936இல் லைனஸ் பாலிங் இந்த அளவீடுகளை எடுத்துக்கொண்டு, வளையத்தில் எலக்ட்ரான்கள் சுற்றிச் சுற்றி ஓடுவதால்தான் இந்தத் திசை வேறுபாடு என்று விளக்கினார். எம்.எஸ்சி. மாணவர்கள் என்.எம்.ஆர். படிக்கிறீர்கள். பென்சீனின் புரோட்டான் 7.3 அருகே, அத்தனை கீழ்ப்புலத்தில் ஏன் வருகிறது என்று கேட்டால் "ரிங் கரண்ட்" என்று எழுதிவிட்டு மதிப்பெண் வாங்குகிறீர்கள். அந்த ரிங் கரண்ட் கருத்துக்கு அடித்தளமாக இருந்த எண்களில் டாக்காவில் அளந்தவையும் உண்டு. நம் பாடப்புத்தகங்களில் பாலிங் பெயர் இருக்கிறது, கிருஷ்ணன் பெயர் இல்லை. பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

1933இல் ராமன் பெங்களூர் போனார். சங்கத்தில் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகக் கிருஷ்ணன் கல்கத்தாவுக்குத் திரும்பினார். இப்போது காந்தத்தால் ஈர்க்கப்படும் உப்புகளின் முறை: மாங்கனீசு, கோபால்ட், நிக்கல், தாமிரம். இவற்றில் எனக்குப் பிடித்தது மயில்துத்தம். சுண்ணாம்போடு கலந்து போர்டோ கலவையாக நீங்கள் வயலில் அடிக்கும் அதே காப்பர் சல்பேட். 1934இல் பீவர்ஸும் லிப்சனும் அதன் அமைப்பை எக்ஸ் கதிரால் கண்டிருந்தார்கள்: ஒவ்வொரு தாமிர அயனியையும் நான்கு தண்ணீர் மூலக்கூறுகள் சதுரமாகச் சூழ்கின்றன, மேலும் கீழுமாகச் சற்றுத் தள்ளி சல்பேட்டின் இரண்டு ஆக்சிஜன்கள். படிகத்தின் ஓர் அலகில் இப்படி இரண்டு அயனிகள், ஒன்றின் சதுரம் மற்றதன் சதுரத்துக்கு ஏறத்தாழச் செங்குத்து. கிருஷ்ணனும் முகர்ஜியும் காந்தத்தில் அளந்தபோது, அந்த அமைப்பிலிருந்து எதிர்பார்க்கக்கூடிய திசை வேறுபாடே வந்தது. அணைவு வேதியியலில் டெட்ராகனல் திரிபு என்று படிக்கிறீர்களே, அதைக் காந்தத்தால் தொட்டுப் பார்த்த வேலை இது.

அடுத்தது கிராஃபைட். பென்சில் முனை. இதில் அடுக்குக்குச் செங்குத்தான திசையில் காந்தம் விலக்கும் அளவு, அடுக்குக்குள் இருப்பதுபோல் சுமார் 40 மடங்கு. கிருஷ்ணனும் கங்குலியும் வெப்பநிலையை மாற்றி மாற்றி அளந்து, அந்த எலக்ட்ரான்கள் அடுக்குக்குள் மட்டும் தாராளமாக ஓடுகின்றன, அடுக்கைத் தாண்டுவதில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். மின்கடத்தலிலும் அதே கதை என்று 1939இல் எழுதினார்கள். 2004இல் மான்செஸ்டரில் கெய்மும் நோவோசெலோவும் அந்த ஒற்றை அடுக்கைப் பிரித்தெடுத்து, 2010இல் நோபல் பரிசு வாங்கினார்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1942இல் அலகாபாத் பல்கலைக்கழகம். 1946இல் சர் பட்டம். 1947இல் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராக டெல்லி. 1954இல் பத்மபூஷண். பட்நாகர் பரிசு 1958இல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது அதைப் பெற்றவரும் அவர்தான். இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும், சூடேறிய உலோகமும் கிராஃபைட்டும் எலக்ட்ரானை உமிழ்வதைப் பற்றி எஸ். சி. ஜெயினோடு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். வாக்குச்சாவடியில் உங்கள் விரலில் வைக்கும் மை அந்த ஆய்வகத்தின் கைவண்ணம். 1961 ஜூன் 14இல் காலமானார். நிர்வாகப் பொறுப்பு அவருடைய ஆய்வைத் தின்றுவிட்டது என்று சொல்வோர் உண்டு. டெல்லிக் காலத்தில் டாக்கா, கல்கத்தா வேகம் இல்லை என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது நம் கதைக்கு வருவோம். தமிழ்நாட்டில் கல்லூரிக்குக் கல்லூரி படிகம் வளர்க்கிறார்கள். அமினோ அமிலம் ஒன்று, உலோக உப்பு ஒன்று, தண்ணீரில் கரைத்து, பீக்கரின் வாயை ஓட்டை போட்ட தாளால் மூடி, ஆவியாகட்டும் என்று வைத்துவிட வேண்டியது. இருபது நாளில் படிகம். எக்ஸ்.ஆர்.டி., எஃப்.டி.ஐ.ஆர்., யு.வி., கடைசியில் பொடி செய்து லேசர் அடித்துப் பச்சை ஒளி வருகிறதா என்று பார்ப்பது. குர்ட்ஸும் பெர்ரியும் 1968இல் சொன்ன முறை: 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு உள்ளே போய் 532 நானோமீட்டர் பச்சையாக வெளியே வர வேண்டும். கே.டி.பி. (பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்) படிகத்தோடு ஒப்பிட்டு இத்தனை மடங்கு என்று எழுதினால் ஆய்வேடு முடிந்தது. செலவு குறைவு, கை பழகும், பிள்ளைகளுக்குக் கட்டுரையும் கிடைக்கும். இதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. கிருஷ்ணனும் இப்படி மலிவான உப்புகளோடுதான் மல்லுக்கட்டினார்.

ஆனால் 2010இல் ஃப்ளெக், பெட்ரோசியான் என்ற இருவர் இந்த வகைக் கட்டுரைகளை எடுத்து அலசினார்கள். புதுச் சேர்மம் என்று அறிவித்தவற்றில் பல, கரைசலில் போட்ட மூலப்பொருளே திரும்பப் படிகமானவை என்று காட்டினார்கள். கிளைசீன் போட்டவருக்குக் கிளைசீனே கிடைத்திருக்கிறது, பெயர் மட்டும் புதிது. சமச்சீர் மையம் உள்ள படிகம் இந்தப் பச்சை ஒளியைத் தர முடியாது, அது அடிப்படைப் பாடம். அப்படிப்பட்ட படிகத்துக்கும் செயல்திறன் எண் போட்ட கட்டுரைகள் உண்டு. அங்கே சேர்மத்தின் அடையாளத்தையே சரிபார்க்கவில்லை. குடுவையை அலம்பி அலம்பி 65 திரவங்களைச் சுத்தம் செய்தவரின் நாட்டில் இது நடக்கிறது. கருவி இல்லாத குறை என்று சொல்ல முடியாது, எக்ஸ்.ஆர்.டி. இருந்தது. படிகம் வருமுன் கேள்வி வரவில்லை, அவ்வளவுதான். டாக்காவில் எந்தப் படிகத்தைத் தொங்கவிட்டாலும், அதன் மூலக்கூறு இப்படிப் படுத்திருந்தால் காந்தம் இப்படித் திருப்ப வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு கணக்கு இருந்தது. எண் ஒத்துவராவிட்டால் படிகத்தைச் சந்தேகிப்பார்கள், கணக்கைச் சந்தேகிப்பார்கள். நம் ஆய்வேடுகளில் எண் ஒத்துவராமல் போவதற்கே வழி இல்லை, ஏனென்றால் எதிர்பார்த்த எண் என்று ஒன்று கிடையாது.

துறைத்தலைவர் என்னிடம் பி.எஸ்சி. பிள்ளைகளுக்கு ஒரு புராஜெக்ட் சொல்லச் சொன்னார். சொல்கிறேன். மயில்துத்தத்தை இரண்டு மூன்று முறை மறுபடிகமாக்குங்கள், பிறகு விதைப் படிகம் வைத்து ஒரு சென்டிமீட்டருக்குள் நல்ல முகங்களோடு வளருங்கள். பட்டுநூலைப் பிரித்து ஒற்றை இழை எடுத்துக் கட்டி, இரண்டு அகன்ற நியோடிமியம் காந்தங்களுக்கு நடுவே, கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கவிடுங்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள். எந்த முகம் காந்தத்தைப் பார்த்து நிற்கும் என்று பீவர்ஸ், லிப்சன் அமைப்பை வைத்து முதலில் தாளில் எழுதிவிட்டு, அப்புறம் தொங்கவிடுங்கள். ஓர் எச்சரிக்கை: காந்தங்கள் சிறியவையாக இருந்தால் புலம் சீராக இருக்காது, அப்போது நீண்ட படிகம் தன் வடிவத்தாலேயே திரும்பும், நீங்கள் அதைப் படிகத்தின் குணம் என்று எண்ணிவிடுவீர்கள். அதே உப்பைப் பொடித்து, அதே வடிவில் ஒரு வில்லையாக அழுத்தி, அதையும் தொங்கவிட்டுப் பாருங்கள். வில்லையும் திரும்பினால் கோளாறு காந்தத்தில் இருக்கிறது.